இடத்தின் அளவும் அறிவின் அமைப்பும்

நாம் வாழும் இடத்திற்கு நீளம், அகலம், உயரம் என்னும் மூன்று அளவுகள் உள. இவற்றைப் பரிமாணம் என்று விஞ்ஞானிகள் கூறுவர். இழுத்துக் கட்டிய நூலின்மேல் ஊரும் புழுவுக்கு முன்னும் பின்னுமாகிய ஒரு பரிமாணமே உண்டு. தாளில் வரைந்த உருவத்திற்கு இரண்டு. நமக்கு மூன்று. இம்மூன்றுக்கும் செங்குத்தாக நான்காவதொரு திசையும் உடைய இடம் ஒன்று இருக்குமாயின், அங்குத் தோன்றும் உயிர்க்கு மூளை எவ்வாறு அமையும்? இரண்டே பரிமாணமுடைய தட்டை உலகத்தில் மூளை என ஒன்று அமையுமா? அமைந்தால் அதன் அறிவு நம் அறிவினும் தாழ்ந்ததாகுமா?

இக்கேள்வியை எடுத்தவுடன் நம் சங்கத்து அன்பர் சிலர் மாலுங்கியபுத்தரை நினைவூட்டுவர். உலகம் முடிவுடையதோ முடிவற்றதோ என்று அவர் வினவியபோது பகவன் விடை கூறாது, அம்பு தைத்தவனை உவமையாக்கி உரைத்தமை யாவரும் அறிந்ததே. ஆனால் நாம் இங்கே ஆராய்வது உலகத்தின் எல்லையை அன்று. அறிவு எதனைச் சார்ந்து தோன்றுகிறது என்பதே நம் ஆராய்ச்சி. அறிவு என்பது பிறப்போடு வந்த சொத்து, சிலருக்கு மிகுதியாகவும் சிலருக்குக் குறைவாகவும் அளந்து வைக்கப்பட்டது என்று நம் பாட்டன்மார்க்கும் பூட்டன்மார்க்கும் சொல்லப்பட்டது. அச்சொல்லை நம்பியவர்களும் நம்மிலே இருந்தனர். ஆதலின் இது நமக்கு வீண் கேள்வி அன்று.

முதலில் கண்முன் உள்ள இடத்திலிருந்து தொடங்குவோம். திருப்பதி நகரின் விளிம்பில் அலிபிரி என்னும் அடிவாரம் உளது. அங்கிருந்து திருமலைக்குச் செல்லும் நடைபாதை ஏறக்குறைய 9 கிலோமீட்டர்; படிகள் 3,550 என்பர். அப்படிகளின்மேல் ஓர் எறும்பும் ஒரு மனிதனும் ஏறுவதாகவும், அவற்றின்மேலே இரவில் ஒரு வௌவால் பறப்பதாகவும் கொள்வோம். மூவர்க்கும் மலை ஒன்றே. மூவர் மூளையிலும் அம்மலை ஒன்றாகப் பதியுமா?

எறும்பைப் பற்றி 2001ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி வியப்புக்குரியது. துனிசியப் பாலைவனத்து எறும்புகளை மேடும் பள்ளமுமான கால்வாயின் வழியே இரைதேடச் செய்து, திரும்பும்போது சமதரையில் விட்டனர் ரூடிகர் வேனரும் அவர்தம் கூட்டாளிகளும். ஏறியிறங்கி நடந்த தூரம் மிகுதி. தரையளவில் உள்ள தூரம் குறைவு. எறும்பு, தான் நடந்த தூரம் முழுதையும் நடக்கவில்லை. தரையளவுத் தூரத்தை மட்டும் நடந்து, அங்கே நின்று தன் வளையைத் தேடிற்று. ஏற்ற இறக்கத்தைக் கழித்துக் கணக்கிடும் திறன் கடுகினும் சிறிய அம்மூளைக்கு உண்டு என்பது அதனாற் புலனாயிற்று.

எலியின் மூளையில், ஒரு குறித்த இடத்திற்கு வந்தால் மட்டுமே துடிக்கும் நரம்பணுக்கள் உள என்று 1971இல் ஜான் ஓ'கீஃப் காட்டினார். தரையைக் கட்டம் கட்டமாக அளக்கும் வேறு நரம்பணுக்களை 2005இல் மோசர் தம்பதியர் கண்டனர். மூவர்க்கும் 2014இல் நோபெல் பரிசு கிடைத்தது. ஆனால் அவ்வெலியை மேலே ஏறச் செய்தபோது, கட்டம் போடும் நரம்பணுக்கள் உயரத்தை ஏறக்குறையக் கணக்கில் எடாமலே விட்டன என்று 2011இல் வேறோர் ஆராய்ச்சி கூறிற்று. பறக்கும் வௌவாலில் 2013இல் யார்ட்செவும் உலனோவ்ஸ்கியும் கண்டதோ வேறு: அங்கே இட நரம்பணுக்கள் எல்லாத் திசையிலும் ஒப்பத் துடித்தன. தரையில் வாழ்வதன் மூளை தரையை நன்கு அளக்கிறது; காற்றில் வாழ்வதன் மூளை காற்றை அளக்கிறது. மூன்று பரிமாணம் உடைய ஒரே உலகத்துக்குள்ளேயே, எத்தனைத் திசையில் வாழ்வு நடக்கிறதோ அதற்கேற்ப அறிவின் அமைப்பு மாறுகிறது.

இனித் தட்டை உலகத்துக்கு வருவோம். நாம் நெசவாலையில் பல்லாண்டு தறியருகே நின்றவராதலின், இதனைத் தறியைக் கொண்டே விளக்குதல் எளிது. பாவு நெடுக்கே ஓடுகிறது. ஊடை குறுக்கே ஓடுகிறது. விழுது பாவிழைகளில் ஒரு பாதியைத் தூக்கி மறுபாதியைத் தாழ்த்த, இடையில் திறந்த வழியாக நாடா பாய்கிறது. துணியைப் பார்ப்பவர் அதைத் தட்டையான பொருள் என்பர். ஆனால் ஒவ்வொரு சந்திப்பிலும் ஓர் இழை மற்றதன் மேலேறிக் கடக்கிறது. அம்மேல் என்னும் மூன்றாம் பரிமாணம் மயிரிழை அளவேனும் இல்லையாயின், இழைகள் முட்டிக்கொண்டு நிற்குமேயன்றித் துணி ஆகா.

தாளில் ஐந்து புள்ளிகளை இட்டு, ஒவ்வொன்றையும் மற்ற நான்கோடும் கோட்டால் இணைக்க முயன்று பாருங்கள். கோடுகள் ஒன்றையொன்று வெட்டலாகாது. நான்கு புள்ளிகள்வரை இயலும். ஐந்தாவது புள்ளியில் கோடு எங்கேனும் இடிபடும்; எத்தனை நாள் முயன்றாலும் ஆகாது என்பது கணிதத்தில் நிறுவப்பட்ட உண்மை. ஐந்து புள்ளிக்கே இந்நிலை. ஓர் ஈயின் மூளையின் முழு இணைப்புப் படம் 2024இல் வெளியாயிற்று. அதில் 1,39,255 நரம்பணுக்களும் ஏறக்குறைய 5 கோடி இணைப்புகளும் உள. மனித மூளையின் நரம்பணுக்களோ 8,600 கோடி அளவின. இவை அனைத்தும் ஒன்றையொன்று மேலேறியும் கீழிறங்கியும் கடந்துதான் இணைகின்றன.

இன்னும் ஒன்று சொல்லவேண்டும். சிறுமூளையில் பர்க்கின்ஜி அணு என்று ஒருவகை உண்டு. அதன் கிளைகள் பனையோலை விசிறிபோல் ஒரே தட்டில் விரிந்துள்ளன. அவ்விசிறிக்குக் குறுக்கே, செங்கோணத்தில், நுண்ணிய நரம்பிழைகள் நிரைநிரையாக ஊடுருவிச் செல்கின்றன. ஒரே விசிறியைத் தொட்டுச் செல்லும் இழைகள் ஒரு லட்சத்துக்கும் மேல். நாம் இப்படத்தை முதன்முதல் ஒரு நூலகத்தில் கண்டபோது தறியையே கண்டோம். பாவும் ஊடையும் அங்கே மூளையாக இருந்தன. பெருமூளையின் புறணியும் அவ்வாறே 2 முதல் 4 மில்லிமீட்டர் கனமுள்ள ஒரு விரிப்புத்தான். மண்டையோட்டுக்குள் மடித்துத் திணித்த துணியை ஒக்கும். அவ்விரிப்பு வேலை செய்வது, அதன் அடியில் உள்ள வெண்பகுதியில் இணைப்பிழைகள் ஓட மூன்றாம் பரிமாணம் இடந்தருவதால்.

சென்னை ஐ.ஐ.டி.யில் உள்ள சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், கருவிலுள்ள மனித மூளையின் முப்பரிமாணப் படத்தொகுதியைத் தரணி என்னும் பெயரால் 2024 டிசம்பரில் வெளியிட்டது. மூளையை மெல்லிய தகடுகளாகச் சீவி, 5,132 தகடுகளைப் படமெடுத்து, அவற்றை மீண்டும் அடுக்கிக் காட்டியுள்ளனர். தகடு ஒவ்வொன்றும் தட்டை உலகம் போன்றது. ஒரு தகட்டில் தொடங்கிய நரம்பிழை அதன் விளிம்பில் அற்றுப்போம். அடுத்த தகட்டை வைத்தாலன்றி அஃது எங்கே சென்றது என்பது விளங்காது. மூன்றாம் பரிமாணம் மூளைக்கு என்ன உதவி செய்கிறது என்பதை இதனினும் தெளிவாகக் காட்டல் அரிது.

ஆயின் தட்டை உலகத்தில் அறிவே தோன்றாது என்று தீர்த்துவிடலாமோ? அவசரம் வேண்டா. நாற்சந்தியில் மேம்பாலம் இல்லாவிடினும் வண்டிகள் கடக்கின்றன அல்லவா? ஒன்று நிற்க மற்றொன்று போகும். அதுபோல் இரண்டு செய்திகள் சந்திக்கும் இடத்தில் ஒரு நரம்பணு நின்று, இரண்டையும் வாங்கி, அதனதன் திசையில் விடுமாயின், இழை மேலேறாமலே செய்தி கடந்துவிடும். அத்தகைய சந்திப்பைத் தட்டைப் பரப்பிலேயே அமைக்கலாம் என்பது கணிப்பொறி நூலார் கண்டது. தட்டையான வலைப்பின்னல்களும் மூளைக்கு வேண்டிய இயல்புகள் சிலவற்றைப் பெறக்கூடும் என்று 2020இல் ஜேம்ஸ் ஸ்கார்கில் என்னும் பௌதிக அறிஞர் எழுதியுள்ளார். அத்தகைய மூளை மந்தமாக நடக்கும். சந்தி தோறும் காத்திருக்க நேரும். தட்டை உயிர்க்கு வாய் முதல் குதம் வரை குடல் ஓடினால் உடலே இரண்டாகப் பிரிந்துவிடும் என்னும் இடரும் உண்டு. ஆயினும் மெல்ல நடக்கும் அறிவும் அறிவே.

நான்கு பரிமாண உலகத்தில் நிலை மாறானது. அங்கே அணு ஒன்றுக்கு அண்டை மிகுதி. தட்டையில் ஒரு கட்டத்தை ஒட்டி நிற்கும் கட்டங்கள் 4, நம் இடத்தில் 6, அங்கே 8. அவ்வளவேயன்றி வழியும் குறுகும். 8,600 கோடி நரம்பணுக்களைத் தட்டையில் சதுரமாகப் பரப்பினால் ஒரு பக்கத்திற்கு ஏறக்குறைய 2,93,000 நிற்கும். நம் இடத்தில் கனசதுரமாக அடுக்கினால் ஒரு பக்கத்திற்கு 4,400. நான்காம் பரிமாணமும் கிடைத்தால் 540 போதும். ஓரத்திலிருந்து ஓரத்திற்குச் செய்தி செல்லும் தொலைவு எட்டில் ஒரு பங்காகிவிடுகிறது. இவ்வளவைப் பார்த்தவுடன், ஆகா, நான்கு பரிமாணத்தார் தேவர்களே என்று சொல்லத் தோன்றும்.

ஆனால் அம்மூளையை எதனாற் செய்வது? விளக்கொளி நம் இடத்தில் இருமடங்கு தொலைவில் நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. நான்கு பரிமாணத்தில் எட்டில் ஒரு பங்காகும். ஈர்ப்பு விசையும் அவ்வாறே குறையும். அவ்வாறு குறைந்தால் கோள்கள் கதிரவனை நிலையாகச் சுற்ற இயலாது, சிறிது அசைந்தாலும் உள்ளே விழும் அல்லது வெளியே ஓடிவிடும் என்று 1917இல் லெய்டன் நகரத்துப் பேராசிரியர் பால் எஹ்ரன்ஃபெஸ்ட் காட்டினார். அணுவுக்குள்ளும் இதே இடர். நம் உலகத்து விதிகள் அவ்வண்ணமே அங்கும் செல்லுமாயின், மூளைக்கு வேண்டிய மண்ணும் நீருமே அங்கு நில்லா.

முடிச்சையும் பாருங்கள். ஆலையில் இழை அறுந்தால் முடிச்சிட்டுச் சேர்ப்போம். நான்கு பரிமாணத்தில் நூல் முடிச்சு எதுவும் நில்லாது. நான்காம் திசையில் ஒரு சுற்றை விலக்கினால் இழுக்காமலே அவிழும். தட்டையிலோ முடிச்சே போட முடியாது. நூலில் முடிச்சு நிற்பது மூன்று பரிமாணத்தில் மட்டுமே. ஓசையும் அப்படித்தான். நம் இடத்தில் மணி ஒருமுறை ஒலித்தால் அவ்வொலி நம்மைக் கடந்தபின் அமைதி உண்டு. இரண்டு, நான்கு போன்ற இரட்டைப்படைப் பரிமாணங்களில் ஒலி கடந்த பின்னும் அதன் வால் நீண்டுகொண்டே இருக்கும் என்பது கணிதத்தின் முடிவு. ஒரு சொல்லின் வால் அடுத்த சொல்லின்மேல் படியும். அங்குள்ளோர் திரிசரணம் சொன்னால் மூன்றாவது முறைக்குள் முதலாவது ஓய்ந்திராது.

இவற்றைக் கேட்டவுடன், மூன்று என்பதே மத்திமப் பாதை, மும்மணிக்கும் முப்பரிமாணத்திற்கும் பொருத்தம் உண்டு என்று மேடையில் முழங்கப் புறப்படுவார் சிலர் உளர். அது வேண்டா. எண் பொருத்தம் பார்த்து மகிழும் பழக்கத்தைப் பஞ்சாங்கத்தாரிடமே விட்டுவிடுவோம். மூன்று பரிமாணம் நமக்கு ஏற்றதாயிருப்பது, நாம் அதற்குள் தோன்றினமையால்.

இதுவரை மூளையின் உடலைப் பேசினோம். எண்ணமும் இடத்தின் அச்சில் வார்க்கப்பட்டதே என்பது இதனினும் ஆழ்ந்த செய்தி. 2016இல் செய்த ஓர் ஆராய்ச்சியில், கழுத்தும் காலும் நீண்டு குறுகும் பறவைப் படங்களை மாந்தர்க்குக் காட்டி, ஒன்றிலிருந்து மற்றொன்றை எண்ணச் செய்தனர். தரையை அளக்கும் அந்தக் கட்ட அமைப்பின் குறிகளே அப்பொழுதும் மூளையிற் காணப்பட்டன. கழுத்து ஒரு திசையாகவும் கால் மற்றொரு திசையாகவும் நின்று, பறவை ஓர் ஊராகிவிட்டது! நாம் நெருங்கிய உறவு, தூரத்து உறவு என்கிறோம். உயர்ந்த எண்ணம், ஆழ்ந்த கருத்து என்கிறோம். ஆகவே வேறு இடத்தில் வாழும் உயிர்க்கு உறவும் ஒழுக்கமும்கூட வேறாகவே தோன்றும்.

சாதியும் இட அளவைக் கொண்டே கட்டப்பட்டது. மேல், கீழ், ஊர், சேரி, தீண்டல், விலகல்: யாவும் இடச் சொற்கள். வைக்கத்தில் 1924, 1925ஆம் ஆண்டுகளில் நடந்த போராட்டம் கோயிலுக்குள் நுழைவதற்கன்று, கோயிலைச் சுற்றிய சாலைகளில் நடப்பதற்கு. இன்னார் இவ்வளவு தொலைவில் நிற்க என்று அடிக்கணக்கில் விதி இருந்த நாடு இது. இவ்விதியைத் தட்டை உலகத்துக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். அங்கே முன், பின், மேல், கீழ் உண்டு. வலமும் இடமும் இல்லை. எதிரே வருபவனைக் கண்டு ஒதுங்கி நிற்க ஓரம் கிடையாது. ஒருவன் படுக்க, மற்றவன் அவன்மேல் ஏறித்தான் கடக்கவேண்டும். கிணறு வெட்டினால் அது பாதையையே பிளக்கும். சுற்றிப் போக வழியின்றி எல்லோரும் அதைத் தாண்டியே ஆகவேண்டும். தீண்டாமை அங்கு ஒரு நாளும் நில்லாது.

ஆனால் தட்டை உலகத்தார் யார் படுப்பது, யார் ஏறுவது என்று ஒரு சாத்திரம் எழுதிவிடுவர் என்றே நாம் எண்ணுகிறோம். 1884இல் எட்வின் அபட் என்னும் ஆங்கிலேயப் பள்ளித்தலைவர் எழுதிய தட்டை உலகக் கதையில், உடலின் பக்கங்கள் எத்தனையோ அத்தனை மதிப்பு. உழைப்பாளர் முக்கோணங்கள், குருமார் வட்டங்கள். மூன்றாம் பரிமாணம் உண்டென்று சொன்னவனைச் சிறையில் அடைக்கின்றனர். தம் நாட்டு வகுப்பு வேற்றுமையைக் கண்டே அவர் அப்படி எழுதினார். நான்கு பரிமாணத்திலோ நம் சுவர்கள் எதையும் மறைக்கமாட்டா. தாளில் வரைந்த சதுரத்தின் உள்ளே இருப்பதை நாம் மேலிருந்து காண்பதுபோல, நான்காம் திசையிலிருப்பவன் பூட்டிய கருவறையின் உள்ளே உள்ளதைக் கதவைத் திறவாமலே காண்பான். அவ்வுலகத்தார் வேலி இடவேண்டின் அதற்கென வேறு வேலி கண்டுபிடிப்பர். இடம் மாறினால் கொடுமையின் உருவம் மாறும். பற்று இருக்கும்வரை கொடுமை இருக்கும்.

அலிபிரியை மீண்டும் நோக்குவோம். மலைக்கோயில்களும் சமவெளிக் கோயில்களும் தாழ்த்தப்பட்டோர்க்குச் சட்டத்தால் திறந்தது 1947ஆம் ஆண்டின் சென்னைக் கோயில் நுழைவு அதிகாரச் சட்டத்தினால். அன்று சித்தூர் ஜில்லா சென்னை மாகாணத்தில் இருந்தது. 1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் அமைந்தபோதுதான் பிரிந்தது. கோயில் வேண்டுமா என்பது வேறு கேள்வி. நமக்கு அது வேண்டுவதில்லை. ஆனால் ஒருவனைத் தரையில் நிறுத்திவைத்து, பின்னர் அவனுக்கு உயரம் தெரியாது என்று சொல்வது எவ்வகை நியாயம்? எலியின் மூளை உயரத்தைக் குறியாதது எலியின் இழிவன்று. அது வாழ்ந்த தரையின் அளவு.

இத்தகைய அநியாயத்திற்கு அளவுகோல் பிடித்தவர்களும் இருந்தனர். சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன் தென்னாட்டு மக்களின் தலையையும் மூக்கையும் கருவி கொண்டு அளந்தார். அவர் பெயரால் சாதிகளைப் பற்றிய ஏழு தொகுதிகள் 1909இல் வந்தன. 1901ஆம் ஆண்டுக் குடிக்கணக்கை நடத்திய ரிஸ்லி, மூக்கு அகல அகலச் சாதி தாழும் என்றார். அண்ணல் அம்பேத்கர் 1948இல் வெளியிட்ட தீண்டத்தகாதார் பற்றிய நூலில் அந்த மூக்களவுகளையே எடுத்து, பிராமணர்க்கும் தீண்டத்தகாதார்க்கும் இனவேற்றுமை இல்லை என்று காட்டினார். அவர்தம் கோலாலேயே அவர்களை அளந்தது அது.

மகாநிதான சூத்திரத்தில் பகவன், சார்பிற் றோற்றத்தை உணராத மாந்தரைச் சிக்குண்ட நூலுக்கு ஒப்பிடுகிறார். அதே சூத்திரத்தில் உணர்வு அருவுருவைச் சார்ந்தும் அருவுரு உணர்வைச் சார்ந்தும் நிற்பது கூறப்படுகிறது. உணர்வு நிலைகொள்ளும் இடங்கள் ஏழு என்பதும் அதிலேயே வருகிறது. அவ்வேழில் மூன்று உருவற்றவை: எல்லையற்ற வெளி, எல்லையற்ற உணர்வு, ஒன்றுமின்மை. இடத்தின் அளவே இல்லாதவிடத்து உணர்வு எவ்வாறு நிற்கும், மூளை எங்கே இருக்கும் என்று இளைஞர்கள் கேட்கின்றனர். கேட்கவேண்டிய கேள்விதான். பழைய உரையாசிரியர் அவற்றை உலகங்களாகவே கொள்வர். நாம் அவற்றைத் தியானத்தில் எய்தும் நிலைகளாகக் கொள்கிறோம். தியானிப்பவரின் மூளை மூன்று பரிமாணத்திலேயே இருக்கிறது. அவர்தம் எண்ணத்தில் நீளமும் அகலமும் உயரமும் ஒடுங்கிவிடுகின்றன. பறவையின் கழுத்தை ஊராக வரைந்த அந்தக் கட்டம் வரைவதை நிறுத்துகிறது என்று சொல்லிப் பார்க்கலாம்.

அந்நிலைகள் எல்லாவற்றினும் மேலானவை என்று அக்காலத்துத் தவத்தோர் எண்ணினர். ஆளார காலாமர் ஒன்றுமின்மை என்னும் நிலையைக் கற்பித்தார். உத்தக ராமபுத்தர் அதற்கும் மேற்பட்ட நிலையைக் கற்பித்தார். போதிசத்துவர் இரண்டையும் விரைவில் கற்றுத் தேர்ந்தார். ஒருவர் தம்மோடு சமமாக இருந்து கூட்டத்தை நடத்த அழைத்தார், மற்றவர் கூட்டத்தின் தலைமையையே கொடுத்தார். அந்நிலைகளால் வேட்கை அறாது என்று கண்டு, இரண்டையும் விட்டு அவர் புறப்பட்டார். சென்று அமர்ந்த இடம் உருவேலாவில் நேரஞ்சரை ஆற்றங்கரை. அது மலையுச்சி அன்று. ஆடுமாடு மேய்ப்போரும் நடந்து போகும் சமநிலம்.